நான் சொன்ன ‘அக்கி’

1. கொடிகாமத்து லொறிக்காரர்

பாலியல் நோய்க் கிளினிக்கில் தாதியாகச் சேர்ந்த முதல் மாதத்திலேயே அந்தப் பிழையை விட்டேன். அதற்கு முன் பல வருடம் சத்திரசிகிச்சை விடுதியில் இருந்தவள். காயத்தைப் பார்த்துப் பழகிய எனக்கு வெட்கத்தைப் பார்த்துப் பழக்கமில்லை.

அவருக்குத் தவம் என்று பெயர் வைத்துக்கொள்கிறேன். கொடிகாமத்திலிருந்து தம்புள்ளைக்கு லொறி ஓட்டுபவர். கலியாணம் முடித்து எட்டு மாதம். ஆண்குறியில் கொப்புளங்கள் உடைந்து புண்ணாகியிருந்தன. டொக்டர் ஹேர்பிஸ் என்று எழுதிக் குளிசை கொடுத்து, விளக்கம் சொல்லும்படி என்னிடம் அனுப்பினார்.

சொல்லவேண்டியது நிறைய. இந்த வைரஸ் உடம்பைவிட்டுப் போகாது, புண் ஆறினாலும் திரும்ப வரும். அந்தப் புண் வழியாக எச்.ஐ.வி எளிதாக உள்ளே வரும், திறந்துவிட்ட படலை மாதிரி. ஏழை நாடுகளில் எச்.ஐ.வி பரவ இது பெரிய துணை என்று பயிற்சியில் படித்திருந்தேன். இன்றைய இரத்தப் பரிசோதனை சுத்தமாக வந்தாலும் மூன்று மாதத்தில் மறுபடி செய்யவேண்டும். அதுவரை ஆணுறை.

அவர் குனிந்த தலை நிமிரவில்லை.

“மிஸ்ஸி, உது கெட்ட வருத்தமோ? வீட்டிலை தெரிஞ்சால் நான் உயிரோடை இருக்கமாட்டன்.”

எனக்கு இரக்கம் வந்துவிட்டது.

“அக்கி தெரியும்தானே? உதுவும் அக்கி மாதிரித்தான்” என்றேன்.

முகம் தெளிந்துவிட்டது. மிச்சம் எல்லாவற்றையும் சொன்னேன். எல்லாவற்றுக்கும் ஓம் என்றார். ஒன்றும் காதில் ஏறவில்லை என்று இப்போது தெரிகிறது. அக்கி எங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரிந்த வருத்தம். உடம்புச் சூட்டால் வருவது, நாட்டு வைத்தியம் செய்யும் பரியாரியார் பார்வை பார்த்தால் போய்விடுவது, ஒருவரும் குற்றவாளி இல்லாதது.

அன்றைய இரத்தப் பரிசோதனை சுத்தமாகத்தான் வந்தது. மூன்று மாதத்தில் மறுபடி செய்ய அவர் வரவில்லை. தந்த போன் நம்பர் வேலை செய்யவில்லை. வீட்டுக்குக் கடிதம் போட்டால் ஊருக்கே தெரிந்துவிடும். விட்டுவிட்டோம்.

2. அவருடைய மனைவி

இரண்டு வருடம் கழித்து, கர்ப்பிணித் தாய்மார் கிளினிக்கிலிருந்து ஒரு பெண்ணை அனுப்பினார்கள். இரத்தத்தில் எச்.ஐ.வி. கணவரின் பெயரைக் கேட்டு எழுதும்போது என் பேனை நின்றுவிட்டது.

கணவருக்குப் புண் ஏதும் வந்ததா என்று கேட்டேன். அதை வேறு யாரையாவது கேட்க விட்டிருக்கலாம்.

“அவருக்கு இடைக்கிடை அக்கி வாறது மிஸ்ஸி. இஞ்சை காட்டினவராம், நீங்கள்தான் அக்கியெண்டு சொன்னனீங்களாம். ஒவ்வொரு முறையும் நான்தான் வேப்பிலை அரைச்சுக் குடுக்கிறனான்.”

அது அக்கி இல்லை, பாலுறவால் வரும் புண் என்று சொன்னேன். அவள் கேட்டாள்.

“அப்ப எனக்கேன் ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்லை?”

அன்று ஆறுதல் சொல்லப்போனது, பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதைதான். மருந்தை ஒழுங்காக எடுத்தால் பிள்ளைக்குத் தொற்றாமல் காக்கலாம் என்று டொக்டர் அவளுக்குச் சொன்னார். தவத்துக்கு எச்.ஐ.வி எப்போது தொற்றியது, என்னிடம் வருவதற்கு முன்னா பின்னா, யாருக்கும் தெரியாது, உன்னைக் குற்றம் சொல்ல முடியாது என்று எனக்குச் சொன்னார். அவர் நல்ல மனிதர். எனக்கு அது ஆறவில்லை, இன்றும் ஆறவில்லை.

3. அதற்குப் பிறகு

அதன் பின் பெயரை மறைத்ததே இல்லை. ஹேர்பிஸ், பாலுறவால் வருவது, மனைவியையும் கூட்டி வாருங்கள் என்று முகத்துக்கு நேரே சொன்னேன். பலர் பாதியில் எழுந்து போனார்கள். ஒருவர் குளிசையையும் மேசையிலேயே விட்டுவிட்டுப் போனார். அவர்களின் மனைவிமாரை நான் ஒருநாளும் காணவில்லை.

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் கற்ற பாடத்தைச் சொல்லச் சொன்னார்கள். உங்கள் முன்னால் ஒருவர் அழும்போது, அந்த அறையில் இல்லாத ஒருத்தியையும் நினைத்துக்கொண்டு பேசுங்கள். அவளுக்காகப் பேசத் தெரிந்துகொள்ள எனக்கு இரண்டு வருடம் பிடித்தது. அதற்குள் அவளுக்குத் தொற்றிவிட்டது.