ஏரம்பு அண்ணை தன்னைத்தானே ஏலத்தில் எடுத்த கதை

ஏரம்பு அண்ணை ஒரேயொரு பெரிய போட்டிதான் விளையாடினார். இதைச் சொன்னால் அவருக்குக் கோபம் வரும், ஆனால் உண்மை அதுதான். இளந்தாரியாக இணுவிலில் இருந்து கொழும்புக்குப் போய், சுற்றுப்பயணம் வந்த வெளிநாட்டு அணி ஒன்றுக்குப் பந்து போட்டு ஒரு விக்கெற் எடுத்தார். திரும்பி வந்து வெங்காயம் நட்டார். அதற்குப் பிறகு தோட்டமும் சுன்னாகம் சந்தையும்தான் அவருடைய உலகம்.

அந்தப் போட்டியில் ஆடியவர்களின் படங்களை அட்டையாக அடித்து, ஒரு தேயிலைக் கம்பனி பைக்கற்றுக்குள் போட்டு விற்றது. அதில் அண்ணையின் படமும் ஒன்று. அரும்பு மீசை, தொளதொளவென்று யாரோ இரவல் கொடுத்த சேட்.

லண்டனில் இருந்து வந்த அவருடைய அக்காவின் மகன் பார்த்தீபன், அண்ணை சேர்த்து வைத்திருந்த அந்த அட்டைகளைக் கண்டுவிட்டான்.

"மாமா, உதுகளை அங்கை ஏலத்திலை விடலாம். பழைய கிரிக்கெற் சாமான் சேர்க்கிற ஆக்கள் விழுந்தடிச்சு வாங்குவினம்."

அண்ணை உடனே தூக்கிக் கொடுத்துவிட்டார். பழைய செருப்பைக்கூட எறிய விடாத மனிதர்! மனைவி பராசக்தி அக்கா வாயைப் பிளந்தபடி நின்றா. காரணத்தை எனக்கு மட்டும் சொன்னார்.

"மற்றவங்கள் பேர்போன ஆக்கள், தம்பிராசா. அவங்களைக் கேப்பாங்கள். என்னையும் ஆரும் கேப்பாங்களோ எண்டு பாக்கத்தான் குடுத்தனான்."

"விசர்க்கதை கதையாதேங்கோ அண்ணை" என்றேன். ஊர் அணியில் அவருடைய பந்துக்கு விக்கெற் காத்தவன் நான். மனிதரைத் தெரியும். ஒருவரும் கேட்காவிட்டால் உடைந்துபோவார் என்று எனக்குப் பயமாகத்தான் இருந்தது.

லண்டனில் ஏலம் நடந்த அன்று பின்னேரம் அண்ணை, பராசக்தி அக்கா, நான் மூன்று பேரும் போனைச் சுற்றி இருந்தோம். பார்ப்பதற்கென்று பார்த்தீபன் மாமியின் பெயரில் ஒரு கணக்குத் திறந்து தந்திருந்தான். பேர்போனவர்களின் அட்டைகள் மளமளவென்று போயின. பிறகு ஏலக்காரன் அண்ணையின் பெயரை எப்படியோ மென்று துப்பினான். விலை சொன்னான். ஒருவரும் கேட்கவில்லை. விலையைக் குறைத்தான். அப்போதும் இல்லை.

எங்கள் கோயில் ஏலத்தில் ஒரு வழக்கம் உண்டு. நேர்த்திக்குக் கொடுத்த வாழைக்குலையோ பலாப்பழமோ ஏலத்துக்கு வந்தால், கொடுத்த வீட்டுக்காரனே முதலில் கேட்பான். கேளாமல் சும்மா கிடக்கவிட்டால் பொருளுக்கும் மரியாதை இல்லை, வீட்டுக்கும் மரியாதை இல்லை. அண்ணை போனில் விலை கேட்கிற பொத்தானை அமத்திவிட்டார்.

"இஞ்சருங்கோ, என்ன செய்யிறியள்?" என்று பராசக்தி அக்கா பதறினா.

"எங்கடை சாமானை நாங்கள் கேக்காட்டி ஆர் கேக்கிறது?"

அடுத்த கணம் யாரோ ஒருவன் கூட்டிக் கேட்டான். அண்ணை துள்ளி எழும்பினார்.

"கேக்கிறானடா! என்னைக் கேக்கிறானடா!"

அவர் கூட்டினார். அவனும் கூட்டினான்.

"விடுங்கோ அண்ணை, அவன் எடுக்கட்டும்."

"பொறடாப்பா, இன்னுமொருக்கா ஏத்திப்போட்டு விடுறன்."

ஏற்றினார். அவன் நின்றுவிட்டான். சுத்தியல் விழுந்தது.

"கேட்ட ஒரே மனுசனையும் நானே கலைச்சுப்போட்டன்" என்றார் அண்ணை. எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

மறுநாள் பார்த்தீபன் போனில் குதித்தான்.

"மாமா, என்ன வேலை பாத்தனீங்கள்? சாமானைக் குடுத்த ஆளே கேட்டால் அங்கை அது கள்ளம்!"

"கள்ளமோ? கோயிலிலை செய்யிறதைத்தானே செய்தனான்?"

"அது வேறை, இது வேறை மாமா."

எப்படி வேறு என்று அவன் சொன்னது அண்ணைக்கு விளங்கவில்லை. எனக்கும் விளங்கவில்லை. வெங்காயத்துக்குள் ஒரு கல் கலக்காத மனிதரைப் பார்த்துக் கள்ளம் என்கிறார்களே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கடைசியில் அண்ணை கேட்ட விலைகளைத் தள்ளிவிட்டு, மற்றவனுக்கே அட்டையைக் கொடுப்பதாக முடிவாயிற்று.

"சரி, குடுக்கட்டும்" என்றார் அண்ணை. "அவன் ஏன் என்னைக் கேட்டவன் எண்டு மட்டும் ஒருக்கால் விசாரிச்சுச் சொல்லு."

மறுமொழி வரும்வரை மனிதர் தோட்டத்துப் பக்கமே போகவில்லை. அவன் அந்தப் போட்டியைப் பார்த்தவனோ, தன்னிடம் அவுட்டானவனின் சொந்தக்காரனோ என்று என்னைப் போட்டு அரித்தெடுத்தார்.

வெள்ளிக்கிழமை பார்த்தீபன் தயங்கித் தயங்கிச் சொன்னான்.

"அந்தாளுக்கு உங்களை ஆரெண்டு தெரியாதாம் மாமா. அந்தத் தேயிலை அட்டை முழுக்கச் சேர்க்கிறாராம். இது ஒண்டுதான் இல்லாமல் கனகாலம் தேடினவராம்."

"அறுவான், ஆரெண்டே தெரியாதாமோ!" என்று பராசக்தி அக்கா வெடித்தா.

அண்ணை கையைக் காட்டி அவவை நிறுத்தினார். "அப்ப மற்றப் பெரிய ஆக்கள் எல்லாரும் அவரிட்டை இருக்கினமோ?"

"ஓம் மாமா."

"நான் ஒராள்தான் இல்லையோ?"

"ஓம்."

போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"தம்பிராசா, இதுக்குச் சந்தோசப்படுறதோ கவலைப்படுறதோ?"

"தெரியேல்லை அண்ணை."

"எனக்கும் தெரியேல்லை. என்னை ஆரெண்டு தெரியாதாம். ஆனா நானில்லாமல் அந்தாளுக்கு நிறையேல்லையாம்."