படிக்காத நான்காம் பக்கம்

அறக்கட்டளைக்கு உதவி கேட்டு வரும் விண்ணப்பங்களைப் பிரித்துப் பார்ப்பவளுக்கு அலுவலகத்தில் வைத்த பெயர் இணைப்பக்கா. வைக்காமல் என்ன செய்வார்கள்? உறையைக் கிழித்ததுமே "இணைப்பு எங்க?" என்பாள். இணைப்பாகப் பதிவுச் சான்றிதழ் இல்லையென்றால் மேற்கொண்டு ஒரு வரி படிக்கமாட்டாள். 'குறை' என்று முத்திரை குத்தி, இணைப்பு இல்லாததால் பரிசீலிக்க இயலவில்லை என்று அச்சடித்த அட்டை ஒன்றை அனுப்பிவிட்டு, பீரோவின் கீழ்த்தட்டில் போட்டுவிடுவாள். பத்தொன்பது வருடமாக இதே கறார். அதில் கொஞ்சம் பெருமை வேறு.

சுற்றுவட்டார அறக்கட்டளைகள் சேர்ந்து, உதவி கொடுக்கிற இடங்களில் வேலை பார்ப்பவர்களுக்கு இரண்டு நாள் பயிற்சி வைத்தார்கள். ஆளுக்கொரு நிராகரித்த விண்ணப்பம் எடுத்துவரச் சொன்னார்கள்.

"குடுக்கறதுக்குக்கூடப் பாடம் எடுக்கறாங்களாம்," என்று வீட்டில் நொடித்தாள்.

"வாங்க வந்தவங்களக் கேட்டா தெரியும்," என்றான் கணவன், செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமல்.

கீழ்த்தட்டில் கைக்கு வந்ததை உருவிக்கொண்டு போனாள்.

பயிற்சி நடத்தியவர் பிரமாதமாக எதுவும் சொல்லிவிடவில்லை. கொண்டுவந்ததை முதலிலிருந்து கடைசி வரை பக்கத்தில் இருப்பவருக்குச் சத்தமாகப் படித்துக் காட்டச் சொன்னார். அவ்வளவுதான்.

அவளுடையது ஆறு வருடத்துக்கு முந்தையது. ஒரு தையல்காரி எழுதியிருந்தாள். பக்கவாதம் வந்த பதினொரு பேரைப் பகலில் தன் கொட்டகையில் வைத்துப் பார்த்துக்கொள்கிறாளாம். கூரை மாற்ற உதவி வேண்டுமாம். மூன்றாம் பக்கத்தில், 'என் அண்ணனுக்குப் பேச்சு வராது. மழை ஒழுகினால் நகர்த்தச் சொல்லிக் கட்டில் சட்டத்தில் இரண்டு தட்டுத் தட்டுவார்' என்று இருந்தது. நான்காம் பக்கத்தில், 'சான்றிதழும் போன மழையில் நனைந்து கூழாகிவிட்டது. நகலுக்கு எழுதியிருக்கிறேன். தயவுசெய்து அதுவரை இதை ஒதுக்கிவிடாதீர்கள்.'

"ஏன் வேண்டாம்னீங்க?" என்று கேட்டார் பக்கத்தில் இருந்தவர்.

"சான்றிதழ் இல்ல."

அன்று பிடித்ததுதான். பேருந்தில் நடத்துநர் கம்பியில் தட்டினால் தூக்கிவாரிப்போட்டது. மகள் மேசையில் பென்சிலைத் தட்டினால் "தட்டாதடி" என்று எரிந்து விழுந்தாள். அலுவலகத்தில் பீரோ பக்கம் போகவே பயமாக இருந்தது. யாரும் தொடாத கீழ்த்தட்டிலிருந்து இரண்டு தட்டு கேட்டது. பிரமைதான் என்று அவளுக்கே தெரியும். தெரிந்து என்ன, சத்தம் நின்றால்தானே? அந்தக் கொட்டகை இருக்கிறதா, அந்த மனுஷன் இருக்கிறாரா என்று தெரியாமல் சோறு இறங்கவில்லை.

எட்டாம் நாள் மத்தியானம், விண்ணப்பத்தின் அடியில் இருந்த எண்ணுக்குப் போன் செய்தாள். அறக்கட்டளையின் பெயரைச் சொன்னதும் மறுமுனையில் ஓடிக்கொண்டிருந்த தையல் மெஷின் நின்றது.

"கொட்டகை இருக்காம்மா?"

"அடுத்த மழைக்கே உக்காந்துருச்சு. எல்லாரையும் வெளிய தூக்கிட்டோம், எங்கண்ணனத் தவிர. அவரு தட்டிக்கிட்டேதான் இருந்திருக்கணும். மழை இரைச்சல்ல எங்களுக்குக் கேக்கல."

தையல்காரியே தொடர்ந்தாள்.

"உங்களக் குறை சொல்லலம்மா. இணைப்பு இல்லன்னு அட்டை போட்டீங்கல்ல. நகலும் வந்துச்சு, கூரை விழுந்த மறுவாரம். நான் முன்னாடியே அலைஞ்சு வாங்கி அனுப்பியிருந்தா நீங்க குடுத்திருப்பீங்க. எங்கண்ணன நான்தான் விட்டுட்டேன்."

ஆமாம் என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிடலாம். ஒரு பயலுக்கும் தெரியப்போவதில்லை.

"இல்லம்மா," என்றாள். "நீங்க காரணம் எழுதியிருந்தீங்க, நாலாம் பக்கத்துல. நான் படிக்கல."

மறுமுனையில் மெஷின் இன்னும் ஓடவில்லை. இணைப்பக்கா போனைக் காதிலிருந்து எடுக்காமல் நின்றாள்.