ரேடியோவை அலறவிட்டு எண்ணியவர்

ராணிபென்னூர் சந்தைச் சாலையில் மோட்டார்களுக்குச் செப்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டும் சித்தலிங்கப்பாவுக்கு ஒரு பழக்கம். கம்பி சுற்றும் கைப்பிடியைத் தொட்டதும் ரேடியோவை அலற விடுவார். சுற்றுகளை வாய்க்குள்ளேயே எண்ணுவார். எந்த மோட்டாருக்கு எத்தனை சுற்று என்பது, எட்டு வருஷம் கூட வேலை பார்த்த கொட்ரேஷுக்குக்கூடத் தெரியக் கூடாது. தெரிந்தால் எதிரிலேயே கடை போட்டுவிடுவான் என்று பயம். நோட்டிலும் சரியான எண் இருக்காது. சிலதைக் கூட்டி எழுதுவார், சிலதைக் குறைத்து. எது எப்படி என்பது மனசில்.

கொட்ரேஷ் எதிரிலேதான் கடை போட்டான். அங்கே இப்போது நாலு பேர் வேலை செய்கிறார்கள். இங்கே சித்தலிங்கப்பா மட்டும். மதியம் சோள ரொட்டியைப் பிரித்து, சாலையைப் பார்த்தபடி தின்பார். போன மழைக்காலத்துக் காய்ச்சலோடு மனசில் இருந்த கணக்கும் போய்விட்டது.

விவசாயி ருத்ரகவுடாவின் பம்பு மோட்டார் வந்தபோது காயில் உருகிக் கட்டியாகிக் கிடந்தது. எண்ண வழியில்லை. நோட்டில் நாற்பத்தாறு. கூட்டியதா, குறைத்ததா? நாற்பத்தாறே சுற்றிக் கொடுத்தார். மூன்றாம் நாள் கருகித் திரும்பியது.

"அண்ணா, மக்காச்சோளம் வாடுது" என்றார் கவுடா. "இத்தன வருஷம் வேற கடை வாசல் மிதிச்சதில்ல. நாளைக்கு ஓடலேன்னா எதிர்க்கடைதான். கோவிச்சுக்காதீங்க."

மிச்சமிருந்த ஒரே வாடிக்கை அவர்.

சித்தலிங்கப்பா சாலையைக் கடந்தார்.

"என்னண்ணா, ரேடியோ ரிப்பேரா?" என்றான் கொட்ரேஷ். வேலையாட்கள் சிரித்தார்கள். விஷயத்தைச் சொன்னதும், ஆணியில் தொங்கிய எண்ணெய் படிந்த நோட்டை ஒருவன் எடுத்துப் புரட்டினான்.

"அம்பத்திரெண்டு."

"உனக்கெப்படிடா தெரியும்?" என்று கொட்ரேஷைக் கேட்டார்.

"நீங்க சுத்தினதுதானே" என்றான் கொட்ரேஷ். "ரேடியோ என் காதத்தான் அடைச்சுது. உங்க உதடு அசைஞ்சது தெரிஞ்சுதேண்ணா."

"கேட்டிருக்கலாமேடா."

"சொல்லியிருப்பீங்களா?"

டீ வரவழைத்தான். அவர் நிற்கவில்லை.

கடைக்குத் திரும்பி நோட்டில் நாற்பத்தாறை அடித்து ஐம்பத்திரண்டு என்று எழுதினார். அடுத்த பக்கத்தைப் புரட்டினார். அதில் முப்பத்தெட்டு. அது கூட்டியதோ, குறைத்ததோ. நோட்டை மூடிவிட்டுக் கைப்பிடியைப் பிடித்தார். கை தானாக ரேடியோ பக்கம் போய்த் திரும்பி வந்தது.

"ஒண்ணு... ரெண்டு..." என்று வாய்விட்டு எண்ணத் தொடங்கினார். எதிரே, முன்பு கொட்ரேஷ் உட்கார்ந்து கம்பி பிடித்த முக்காலியில் தூசி படிந்திருந்தது.