காரணம் எழுதாத கட்டம்

என் மனைவி அழகுத்தாய், தேவிகுளத்துக்கு மேலே உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுப்பவள். அதே தோட்டத்து ஃபாக்டரியில் அடுப்புக்கு விறகு தள்ளுவது என் வேலை. கடந்த 1974-ஆம் ஆண்டில் ஒரு காலண்டரால் அவளுக்கு நேர்ந்ததை, கைவசம் உள்ள தாள்களைச் சரிபார்த்து எழுதுகிறேன்.

கொழுந்து பெருகும் மாதங்களில் தொழிலாளர் வீட்டு வரிசையான ஒரு லயத்திலிருந்து ஒரே நாளில் இரண்டு பெண்களுக்கு மேல் லீவு கிடையாது என்பது தோட்டத்து வழக்கம். ஊர்க் கோயில் கொடையோ நல்ல முகூர்த்தமோ வந்தால் எல்லாருக்கும் அந்த ஒரு நாள்தான் வேண்டும். காலையில் பெயர் கூப்பிடும் மஸ்டர் கொட்டகையில், முடியைப் பிடிக்காத குறையாகச் சண்டை நடக்கும்.

இதற்கு வழி கண்டவள் அழகுத்தாய். பலசரக்குக் கடையில் இனாமாகக் கிடைத்த மாதக் காலண்டரை எங்கள் வீட்டுக் கதவுக்குப் பின்னால் தொங்கவிட்டாள். லயத்துப் பெண்கள் யாரும் உள்ளே வந்து பார்க்கலாம். பென்சில் மட்டும் அவள் மடியில் இருக்கும். கேட்ட நாளின் கட்டத்தில் கேட்டவளின் வீட்டு எண்ணை மட்டும் எழுதுவாள். எதற்கு லீவு என்று எழுதவும் மாட்டாள், கேட்கவும் மாட்டாள்.

“ஏன் மதினி, எதுக்குன்னு ஒரு வார்த்த கேக்க மாட்டீகளா?” என்று அடுத்த வீட்டு வேலுத்தாய் ஒருமுறை சீண்டினாள்.

“கேட்டா நீ பொய் சொல்லணும், நான் அத நம்பணும். ரெண்டு பேருக்கும் எதுக்கு வேல மெனக்கேடு?”

ஓராண்டுக்கு மேல் சண்டை இல்லை. அந்த அமைதியே வினையாயிற்று. சூப்பர்வைசர் நல்லமுத்து கேள்விப்பட்டு வீடு தேடி வந்தார்.

“இம்புட்டு நல்ல ஏற்பாட்டக் கதவுக்குப் பின்னால ஒளிச்சு வச்சா எப்படி? மஸ்டர்ல தொங்கட்டும். எல்லாருக்கும் சௌகரியம்.”

அங்கே யார் எழுதுவது என்று கேட்டேன். அழகுத்தாய்தான் என்றார். அதை எழுத்தில் தரும்படி கேட்டேன். சிரித்துவிட்டு, காலண்டரைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போனார்.

ஒரு வாரத்தில் அங்கே ஒரு பென்சிலைச் சணலில் கட்டிவிட்டார்கள். யார் வேண்டுமானாலும் எழுதினார்கள், யார் எண்ணையும் யார் வேண்டுமானாலும் அழித்தார்கள். பழைய சண்டை திரும்பியது. அதைத் தீர்க்க நல்லமுத்து ஒரு சட்டம் போட்டார்: இனிமேல் காரணம் எழுதாத கட்டம் செல்லாது.

அந்த நேரத்தில்தான் எங்கள் ஒரே மகள் பூமாரிக்கு வரன் வந்தது. பையன் போடியில் மரவேலை செய்பவன். ஆவணியில் நாள் குறித்து, பெண் பார்க்க வருவதாகக் கடிதம் போட்டிருந்தார்கள். இது வெளியே தெரியக்கூடாத செய்தி. அழகுத்தாயின் தம்பி சோலை, தன் மகன் பெரியமுத்துவுக்குத்தான் பூமாரி என்று முறை பேசிக்கொண்டிருந்தான். பூமாரியோ அவனைக் கட்டமாட்டேன் என்று எங்களிடம் தீர்மானமாகச் சொல்லியிருந்தாள். வெற்றிலை மாற்றிய பிறகு தெரிந்தால் சோலை ஒருநாள் கத்துவான், ஓய்வான். முன்பே தெரிந்தால் காரியம் நடக்காது. அவனும் அதே மஸ்டரில் பெயர் கொடுப்பவன்.

அந்த நாளின் கட்டத்தில் அழகுத்தாய் வீட்டு எண்ணை மட்டும் எழுதினாள். நல்லமுத்து ஒப்பவில்லை. வேறு வழியின்றி, கொழுந்துக் காட்டில் அவரைத் தனியே கண்டு விஷயத்தைச் சொன்னாள்.

“வெளிய தெரியப்படாது, சூப்பர்வைசரய்யா.”

“நான் என்ன ரேடியோவா, அழகுத்தாயி?”

மறுநாள் காலை எங்கள் கட்டத்தில் சிவப்பு மையில் அவர் கையெழுத்து இருந்தது: ‘7-ஆம் வீடு. மகளைப் பெண் பார்க்க வருகிறார்கள். போடி.’ அழகுத்தாய் விரலை நனைத்துத் தேய்த்தாள். மை பரவியதே தவிர அழியவில்லை.

“ஆபீஸ் தாள்ல கை வைக்காத!” என்று நல்லமுத்து அத்தனை பேர் முன்னிலையிலும் அதட்டினார்.

அவள் தொங்கவிட்ட காலண்டரில் அவளுக்குக் கை வைக்கும் உரிமை இல்லாமற்போயிற்று. சோலைக்கு எழுத்துத் தெரியாது. அந்தக் குறையே அவனுக்குத் தெரியாதபடி பின்னால் நின்றவர்கள் ராகம் போட்டு வாசித்துக் காட்டினார்கள்.

குறித்த நாளை மாற்றும்படி போடிக்குக் கடிதம் போட்டேன். அது போய்ச் சேருமுன் அவர்கள் பஸ் ஏறிவிட்டார்கள். அன்று விடிந்தபோதே சோலை புதுவேட்டி கட்டி, வெற்றிலைத் தட்டோடு எங்கள் வாசற்படியில் உட்கார்ந்திருந்தான்.

“என்ன மாப்ள, இன்னிக்கு வேலைக்குப் போகலயா?”

“லீவு மச்சான். காரணமும் எழுதச் சொல்லிட்டேன்ல. அக்கா மகளப் பாக்கப் போறேன்னு.”

“எந்திரிடா சோலை, அவுக வந்துட்டாக” என்று அழகுத்தாய் கெஞ்சினாள்.

“வரட்டும்க்கா. நானும் வாங்கன்னு சொல்லத்தான் உக்காந்திருக்கேன்.”

பையனின் தகப்பனார் முற்றத்திலேயே நின்றார். தட்டைப் பார்த்தார், சோலையைப் பார்த்தார், பிறகு என்னிடம் சொன்னார்: “முறைக்காரரு வாசல்ல இருக்கையில நாங்க உள்ள வந்தா நல்லாருக்காது. இத மொதல்லயே சொல்லிருக்கலாமில்ல?”

காப்பியைக்கூடத் தொடாமல் போய்விட்டார்கள். யாரும் குடிக்காத தம்ளர்களைப் பூமாரி பட்டுப் புடவையோடு உட்கார்ந்து வெகுநேரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் அந்த மாதத் தாளைக் கிழித்துவந்து, மானேஜருக்கு மனு எழுதினேன். சொன்ன சொல்லை மீறி ஒரு குடும்பத்துச் செய்தியைப் பொதுவில் எழுதியதற்கு விளக்கம் கேட்டிருந்தேன். பதில் கார்த்திகையில் வந்தது. காலண்டர் மஸ்டரின் உடைமை என்றும், கிழித்த தாளை உடனே ஒப்படைக்க வேண்டும் என்றும் அதில் கண்டிருந்தது. நான் கேட்டதற்கு அதில் ஒரு வரியும் இல்லை. மறுபடி எழுதினேன். அதற்குப் பதிலே இல்லை. தாளை நான் ஒப்படைக்கவில்லை.

தை மாதத்தில் ஒரு காலை அழகுத்தாய் வேலைக்குப் போகவில்லை. காலண்டரிலும் எழுதவில்லை, பக்கத்து வீட்டிலும் சொல்லவில்லை. எனக்கு அன்று ஷிப்ட் இல்லை. பூமாரியையும் அழைத்துக்கொண்டு முதல் பஸ்ஸில் ஏறினோம். சோலை வழக்கம்போல் தேயிலைச் செடிகளைக் கவாத்து வெட்டப் போயிருந்தான். எங்கே போனோம், என்ன பேசி முடித்தோம் என்பதை இந்தத் தாளிலும் எழுதுவதற்கில்லை. பங்குனிக்குப் பிறகு யார் வேண்டுமானாலும் கேட்கலாம்.

சொல்லாமல் நின்ற காரணத்தைக் கேட்டு நல்லமுத்து நோட்டீஸ் கொடுத்தார். ‘சொந்த வேலை’ என்று அவள் சொன்னபடி எழுதிக் கொடுத்தேன். போதாது என்று திரும்பி வந்தது. அதையே எழுதினேன். மறுபடியும் திரும்பியது. இன்று காலை மூன்றாவது நோட்டீஸ் வந்திருக்கிறது. ‘விவரமாக’ என்ற சொல்லின் கீழே சிவப்புக் கோடு.

“இதுக்கு என்ன எழுத?” என்று கேட்டேன்.

“அதே ரெண்டு வார்த்ததான். கொஞ்சம் பெருசா எழுதுங்க. பாவம், அவருக்குக் கண்ணு தெரியலயோ என்னமோ.”

எழுதினேன். நகலும் எடுத்துக்கொண்டேன்.