கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே

இது நடந்தது. எனக்கே நடந்தது. நான் தையல்காரன். கால் இன்ச் கூட்டிச் சொன்னால் மறுநாளே வாடிக்கையாளர் சட்டையைக் கொண்டுவந்து மேஜையில் வீசிவிட்டுப் போவார். அந்தப் பயத்தோடுதான் இதையும் எழுதுகிறேன். இதில் வரும் மணியும் அளவும் அன்றன்றைக்கே நோட்டில் குறித்து வைத்தவை. நம்ப முடியாதவர்கள் இன்றிரவு உங்கள் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்று அளந்து வையுங்கள். காலையில் மறுபடி அளந்து பாருங்கள். அப்புறம் பேசிக்கொள்வோம்.

கட்டில் என் கல்யாணத்துக்கு மச்சான் கொடுத்தது. ஆறடி அகலம், ஆறரை அடி நீளம். கால்கள் கிடையாது. தரைவரைக்கும் பெட்டி. போர்வை, பழைய துணி, குழந்தையின் தொட்டில், எல்லாம் அந்தப் பெட்டிக்குள் போய்விடும். பழைய வீட்டில் அது ராஜா மாதிரி கிடந்தது. புது வீட்டின் படுக்கையறையோ தீப்பெட்டி. எட்டிப் பார்த்ததுமே மச்சான் சிரித்தார்.

"மாப்ளே, கட்டிலை உள்ள போட்டுட்டா நீங்க எங்க நிப்பீங்க? பேசாம வித்துடுங்க."

அவர் சொன்னார் என்பதாலேயே விற்கக் கூடாது என்று முடிவெடுத்தேன். டேப்பை உருவினேன். அறை நூற்றாறு இன்ச். கட்டில் எழுபத்திரண்டு. மிச்சம் முப்பத்து நாலு. ஒரு ஆள் கைவீசி நடக்கலாம். நோட்டை அவர் மூக்குக்கு முன்னால் நீட்டினேன்.

தச்சர் வந்து பலகை பலகையாக உள்ளே கொண்டுபோய்க் கட்டிலைப் பூட்டினார். இரண்டு பக்கமும் கொஞ்சம் இடம் விட்டு நடுவில் போட்டார். பிறகு கதவைச் சாத்தப் போனார். பாதி வழியில் கதவு கட்டிலில் முட்டி நின்றுவிட்டது.

நான் கதவைச் சாத்திவைத்து அறையை அளந்திருக்கிறேன். கதவோ உள்பக்கம் திறப்பது. அதன் அகலம் முப்பத்திரண்டு. ஆளை நிற்கவைத்து அளவெடுத்துப் பேன்ட் தைத்து, அவர் உட்கார்ந்ததும் பின்னால் பிரிந்த கதைதான். மச்சான் என் நோட்டை வாங்கி அந்தக் கணக்கை நிதானமாகப் படித்தார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

"எதிர்ச் சுவரோட ஒட்டிப் போட்டா ரெண்டு இன்ச் மிச்சம் வரும்," என்றார் தச்சர். "ஆனா கட்டில் லேசா நகர்ந்தாலும் கதவு இடிக்கும். பார்த்துக்குங்க."

ஒட்டிப் போட்டோம். கதவு தொட்டும் தொடாமலும் திறந்தது. எனக்கு ஒரே பெருமை.

சுவர்ப் பக்கம் என் மகள், நடுவில் மனைவி, கதவுப் பக்கம் நான். கீழே விழாமல் இருக்கத்தான் மகளைச் சுவர்ப் பக்கம் படுக்க வைத்தோம். அவளுக்கு நாலு வயது. வாயைத் திறந்தால் மூட மாட்டாள். அக்கம்பக்கத்தில் அவளுக்கு ரேடியோ என்றே பெயர். தூக்கத்திலும் பேசுவாள். அந்தப் பேச்சைக் கேட்கவே நான் கடையைச் சீக்கிரம் மூடிவிட்டு ஓடிவருவேன். உலகத்தில் எனக்கு அதைவிடப் பிடித்த சத்தம் வேறு இருந்ததில்லை.

நாலு நாள் ஒன்றும் இல்லை.

ஐந்தாம் நாள், காலை மணி 4.40. பால் வாங்க எழுந்தேன். வெளியே இருட்டு. கதவைத் திறந்தால்... பாதியில் 'டொக்' என்று நின்றது. கட்டில் சுவரைவிட்டு விலகியிருந்தது. அளந்தேன். மூன்றரை இன்ச். தரை வழுவழுப்பாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு முட்டியால் ஒரு தள்ளு தள்ளினேன். கட்டில் போய்ச் சுவரோடு ஒட்டிக்கொண்டது.

ஆறாம் நாள். 4.40. ஐந்து இன்ச்.

ஏழாம் நாள். 4.40. ஏழு இன்ச். தள்ளும்போது கட்டில் கடைசி ஒரு இன்ச் மட்டும் போக மறுத்தது. நடுவில் தலையணை சிக்கியதுபோல் மெத்தென்று இருந்தது. இன்னும் அழுத்தித் தள்ளினேன். போய்விட்டது.

"குட்டிதான் சுவர்ல கால் வச்சு உதைக்கிறா," என்றாள் மனைவி.

"நாலு வயசுப் பொண்ணு நம்ம ரெண்டு பேரையும் சேர்த்துத் தள்ளுறாளா? அப்போ அவளை மூட்டை தூக்கத்தான் அனுப்பணும்."

மகள் உடனே குறுக்கே பாய்ந்தாள். "நான் தள்ளலைப்பா. அவங்கதான் தள்ளுறாங்க."

"எவங்க?"

"கீழ இருக்கிறவங்க. அவங்களுக்குப் பேச வராது. தட்டத்தான் தெரியும். இப்படி."

கட்டில் பலகையில் தட்டிக் காட்டினாள்.

டொக்... டொக்... டொக்.

சிரித்தேன். குழந்தை கதை விடுகிறாள் என்று அவளைத் தூக்கிச் சுற்றினேன். அன்று நான் சிரித்த சிரிப்பை நினைத்தால் இப்போதும் என்னையே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

எட்டு, ஒன்பது... ஒவ்வொரு காலையும் கதவு இடித்தது. ஒவ்வொரு காலையும் ஒரு தள்ளு. பல் தேய்ப்பதுபோல் அதுவும் பழக்கமாகிவிட்டது.

ஒன்பதாம் நாள் இரவு மனைவிக்குத் தெரியாமல் ஒரு வேலை செய்தேன். துணியில் அளவு குறிக்கும் சாக்பீஸால் சுவரில் கட்டிலின் உயரத்துக்கு ஒரு கோடு இழுத்தேன். கோட்டின் மேல் தடிமனாகச் சாக்பீஸைத் தேய்த்தும் வைத்தேன். குழந்தை உதைத்தால் கோட்டுக்கு மேலே கால் தடம் விழும். விஷயம் முடிந்தது.

பத்தாம் நாள் 4.40. பதினொன்றரை இன்ச். டார்ச்சை அடித்தேன்.

கோட்டுக்கு மேலே ஒன்றும் இல்லை.

கோட்டுக்குக் கீழே சாக்பீஸ் பொடி இழுபட்டிருந்தது. தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில்... விரல் தடம். ஐந்து விரல். அளந்தேன். உள்ளங்கை அடியிலிருந்து நடுவிரல் நுனிவரை ஆறே முக்கால். பெரிய ஆளின் கை. மெலிந்த கை. அதே கை திரும்பத் திரும்பச் சுவரில் பதிந்திருந்தது.

எல்லாமே இடது கை.

அப்போதும் நான் என்ன செய்தேன் தெரியுமா? கதவு திறக்க வேண்டுமே என்று கட்டிலைத் தள்ளினேன்.

மனைவியிடம் சொல்லவில்லை. மகளை நடுவில் படுக்க வைக்கலாம் என்று மட்டும் சொன்னேன். "உருண்டு உங்க மேல விழுவா, நீங்க கத்துவீங்க," என்று மறுத்துவிட்டாள். நான் பிடிவாதம் பிடிக்கவில்லை. பிடித்திருக்க வேண்டும்.

பதினொன்றாம் நாள். 4.40. அன்று கட்டில் நகரவில்லை என்றே நினைத்தேன். கதவு திறந்து முடியும்போதுதான் கட்டிலைத் தொட்டது. லேசாகத் தள்ளிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு பால் வாங்கப் போனேன். திரும்பி வந்தபோது 4.55.

படுக்கையறைக் கதவைத் தள்ளினேன்.

நாலு விரற்கடைதான் திறந்தது.

கட்டில் கதவுவரைக்கும் வந்திருந்தது. உள்ளே கும்மிருட்டு. சந்து வழியாகக் காதை வைத்தேன்.

"ம்ம்... ம்ம்ம்..."

வாயைத் துணியால் பொத்திய மாதிரி அழுகை. மேலிருந்து வரவில்லை. கீழே... சுவர்ப் பக்கம்... தரையோடு தரையாக.

மகள் விழுந்துவிட்டாள்.

பால் பாக்கெட் கையிலிருந்து நழுவியது. தோளைக் கொடுத்துக் கதவை ஒரே தள்ளு. கட்டில் நகர்ந்தது. அழுகை பெரிதானது. இன்னொரு தள்ளு. இன்னும் நகர்ந்தது.

"ம்ம்ம்ம்!"

"இதோ வந்துட்டேன்டா!"

மூன்றாவது தள்ளு. முழு பலத்தோடு.

மளுக்...

அழுகை நின்றது.

அப்போதுதான் புரிந்தது. நான் கதவைத் தள்ளவில்லை. கட்டிலைத் தள்ளியிருக்கிறேன். சுவரை நோக்கி. நடுவில் கிடப்பவளை நோக்கி.

கத்தினேன்.

"என்னங்க?" உள்ளிருந்து மனைவியின் தூக்கக் குரல். "எதுக்குக் கதவைப் போட்டு இடிக்கிறீங்க?"

"குழந்தை... குழந்தை கீழ விழுந்துட்டா!"

"இல்லையே. என் கை மேலதான் படுத்திருக்கா."

ஒரு நொடி எனக்குச் சந்தோஷம் வந்தது. ஒரே ஒரு நொடி.

டொக்...

டொக்...

டொக்.

மனைவியும் கேட்டாள். அலறினாள். விளக்கைப் போட்டாள். நான் கதவைத் திறந்துகொண்டு உள்ளே விழுந்தேன். கட்டில் சுவரோடு ஒட்டியிருந்தது. நூல் நுழைய இடமில்லை.

மகள் விழித்திருந்தாள். வாய் திறந்திருந்தது. அழுகிற முகம். கண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

சத்தம் வரவில்லை.

அதன் பிறகு வரவேயில்லை.

மூன்று ஆஸ்பத்திரி பார்த்தோம். தொண்டை நன்றாக இருக்கிறது, காது நன்றாக இருக்கிறது, பயந்திருக்கிறாள், சரியாகிவிடும் என்றார்கள். சரியாகவில்லை. கட்டிலை மச்சானே வந்து கழற்றி எடுத்துப்போனார். இந்த முறை அவர் சிரிக்கவில்லை. வேறு வீடு மாறினோம். தரையில் பாய் விரித்துப் படுத்தோம். என் ரேடியோ வாய் மூடிக் கிடந்தாள். ஒன்று மட்டும் செய்வாள். தட்டில், சுவரில், ஜன்னலில்... மூன்று முறை தட்டுவாள். தண்ணீர் கொடுப்போம். தலையாட்டுவாள், வேண்டாம். சாப்பாடு, பொம்மை, எது கொடுத்தாலும் வேண்டாம். மறுபடி மூன்று தட்டு. பிறகு சத்தமில்லாமல் அழுவாள். அவளுக்கு என்ன வேண்டும் என்று எங்களுக்குப் புரியவேயில்லை.

ஆறு மாதம் கழித்து, பழைய தெருவின் இஸ்திரிக்காரர் என் கடைக்கு வந்தார். எங்களுக்கு முன்னால் அந்த வீட்டில் இருந்தவர் எங்கே வேலை செய்கிறார் என்று அவர்தான் சொன்னார். ஒரு டயர் கடை. அன்றே போனேன். ஐம்பது வயது ஆள். கடப்பாரையால் டயரை நெம்பிக்கொண்டே பேசினார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"எங்க அக்கா சார். பக்கவாதம். வலது பக்கம் விழுந்துடுச்சு. பேச்சும் போச்சு. குச்சி வச்சு நடப்பா. அவளுக்குன்னு பெரிய கட்டில் வாங்கி அந்த ரூம்ல போட்டேன். நான் ஹால்ல படுப்பேன். ஒரு நாள் ராத்திரி சண்டை. எங்கயாவது போய்த் தொலைன்னு சொல்லிட்டேன். காலையில துணி எடுக்கப் போனா கட்டில் காலி. சின்னக்கா வீட்டுக்குப் போயிட்டான்னு நினைச்சேன்."

"தேடலையா?"

"நிம்மதியா இருந்துச்சு சார்."

கடப்பாரை வழுக்கியது. மறுபடி குத்தினார்.

"சுவர் ஓரமா விழுந்து கிடந்திருக்கா. மெத்தை கட்டிலைவிடப் பெருசு, மேல தொங்கி மூடிடுச்சு. மூணு நாளும் காலையில கட்டில் நகர்ந்து வந்து கதவை மறிச்சுது. இடுப்பால ஒரு தள்ளு தள்ளிட்டு, சட்டையை எடுத்துக்கிட்டு வேலைக்கு வந்துட்டேன். மூணாம் நாள் காலைவரைக்கும் உயிர் இருந்துச்சுன்னு டாக்டர் சொன்னாரு. விலா எலும்பு..." என்று நிறுத்திக்கொண்டார்.

"தட்டலையா அவங்க?"

"தட்டினா. பக்கத்து வீட்டுல ஆணி அடிக்கிறாங்கன்னு நினைச்சேன். தண்ணிக்கு ஒரு தட்டு, பாத்ரூமுக்கு ரெண்டு. அதான் எங்க பழக்கம்."

"மூணு தட்டினா?"

அவர் கை நின்றது. அப்போதுதான் என்னைப் பார்த்தார்.

"என்னைத் தூக்கிவிடுன்னு அர்த்தம்."

அவர் மூன்று நாள் காலையில் தள்ளினார். நான் ஏழு நாள் தள்ளினேன்.

வீட்டுக்கு ஓடினேன். மணி 6.20. மகள் சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் சுவரில் மூன்று முறை தட்டினாள். எனக்கு இப்போது தெரியும். இத்தனை நாள் தெரியாமல் போனதற்கு அழுதுகொண்டே அவளை வாரித் தூக்கினேன். "தூக்கிட்டேன்மா... அப்பா தூக்கிட்டேன்." அவள் என் தோளில் தலை சாய்த்துக்கொண்டாள். முதல்முறையாக அழவில்லை. முடிந்தது என்று நினைத்தேன்.

அவளுடைய வலது கை துவண்டு தொங்கிக்கொண்டிருந்தது.

இடது கை என் முதுகில் ஏறியது.

மெதுவாகத் தட்டியது. ஒன்று... இரண்டு...

மூன்று.