ஏழு மணி பஸ்

டாக்டர் கலியபெருமாள் மாரடைப்பில் காலமான செய்தி, ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் வட்டார டாக்டர்களின் வாட்ஸ்அப் குழுவில் வந்தது. பத்து நிமிடத்துக்குள் கும்பிடும் கைகள் வரிசை கட்டின. "ஏழைகளின் தெய்வம் மறைந்தது" என்று முதலில் எழுதியவர்தான் அவருக்கு "சாவு டாக்டர்" என்று பெயர் வைத்தவர். அந்தப் பெயருக்குச் சிரித்தவர்களில் நானும் ஒருவன்.

குடவாசலில் அவரும் நானும் இருபது வருடம் ஒரே தெருவில் கிளினிக் வைத்திருந்தோம். புற்றுநோயாக இருக்குமோ என்று சந்தேகம் தட்டினால் போதும், அன்றைக்கே தஞ்சாவூர் பெரியாஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதிவிடுவார். கொடுத்துவிட்டு, "எந்த பஸ்ல போறீங்க?" என்று கேட்பார். ஏழு மணி பஸ் என்று அவர்கள் சொன்னால், மறுநாள் ஏழு மணிக்கு பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் நிற்பார். அவர்கள் ஏறியதைப் பார்த்த பிறகுதான் கிளினிக்கைத் திறப்பார்.

காரணம் இருந்தது. எங்கள் ஊர்க்காரர்கள் அந்தக் கடிதத்தைச் சாமி படத்துக்குப் பின்னால் செருகிவிட்டு, வளர்பிறை வரட்டும், அறுப்பு முடியட்டும் என்று இருந்துவிடுவார்கள். அப்படிச் சொன்ன ஒரு விவசாயியிடம் அவர் கத்தியது என் கிளினிக் வரை கேட்டது. "வயல்ல புகையான் பூச்சி வந்தா வளர்பிறை பாத்தா மருந்தடிக்கிறீங்க? அன்னிக்கே ஓடுறீங்கல்ல? வயலுக்கு இருக்குற அவசரம் உங்க தொண்டைக்கு இல்லையா?"

எல்லாரையும் தஞ்சாவூருக்கு அனுப்பினால் இவர் எதற்கு போர்டு மாட்டியிருக்கிறார் என்று நாங்கள் கேலி பேசினோம். அவர் அனுப்பிய பலருக்கு ஒன்றுமில்லை என்றுதான் வந்தது. அதையும் சொல்லிச் சிரித்தோம். அது அவர் காதுக்குப் போனபோது, "ஒண்ணுமில்லன்னு வந்தா நல்ல சேதிதானுங்களே" என்றாராம்.

செல்லம்மாள் நடவு வேலைக்குப் போகிறவர். புகையிலை அடக்கும் கன்னத்தின் உட்புறம் புண் என்று என்னிடம்தான் வந்தார். "வலிக்கவே இல்லீங்க ஐயா" என்றார். வலிக்காத புண்ணைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும் என்று படித்தவன் நான். ஆனால் சத்துக் குறைவு என்று சொல்லி, மாத்திரையும் தடவ ஒரு ஜெல்லும் கொடுத்தேன். நான்கு மாதம் அதையே கொடுத்தேன். மகளின் காய்ச்சலுக்காகச் செல்லம்மாள் கலியபெருமாளிடம் போனபோது, வாயைச் சரியாகத் திறக்க முடியாமல் பேசுவதை அவர் கவனித்து, டார்ச் அடித்துப் பார்த்திருக்கிறார். அன்று மதியம் எனக்கு போன் வந்தது.

"நாலு மாசமா உங்க ஜெல்லுதான் தடவுறாங்களாம். உங்ககிட்ட டார்ச் இல்லீங்களா டாக்டர்?"

அவ்வளவுதான். அந்தக் குடும்பத்திடம் என்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. மறுநாளே செல்லம்மாளை பஸ் ஏற்றிவிட்டார். தாடையில் பாதியை எடுத்தார்கள். அதன் பிறகு ஒன்றரை வருடம் வெறும் கஞ்சியில் உயிரோடு இருந்தார். ஒருநாள் என் கிளினிக்குக்கு வந்து, துண்டால் வாயை மூடிக்கொண்டு, "நீங்க குடுத்த மருந்துலதாங்க ஐயா அத்தனை நாள் தாங்குச்சு" என்றார். நான் தலையாட்டினேன். அதை நினைத்தால் இன்றும் என் முகத்திலேயே காறித் துப்பத் தோன்றுகிறது.

அடுத்த வாரம் படத்திறப்பு வைக்கிறார்களாம். மாலையும் மேடையும் போட்டு ஆளுக்கு ஆள் பொய் பேசுவோம். அதற்கு முன்னால், அவர் கடைசி வரை யாரிடமும் சொல்லாததை, இதைப் படிக்கிற உங்களிடம் நானே சொல்லிவிட்டேன்.

நேற்று மாலை, இரண்டு மாதமாகச் சோறு இறங்கவில்லை என்று ஒருவர் வந்தார். என் கை வழக்கம்போல நெஞ்செரிச்சல் மருந்தை எழுதப் போனது. அந்தச் சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டுத் தஞ்சாவூருக்குக் கடிதம் எழுதினேன். "அறுப்பு முடிஞ்சதும் போறோமுங்க" என்றார் அவர் மனைவி.

"எந்த பஸ்ல போறீங்க?" என்றேன்.

கலியபெருமாளிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அந்த ஒரு கேள்வியைத்தான். அதுவும் செல்லம்மாளுக்குப் பிறகு. இப்போது மணி ஆறே முக்கால். பஸ் ஸ்டாண்டுக்குக் கிளம்ப வேண்டும்.