ஸ்டியரிங் எந்தப் பக்கம்?

போன ஞாயிற்றுக்கிழமை கோர்படியில் ஒரு வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் இருந்தது. கொஞ்சம் என்ன... நிறையவே.

கையில் அட்டைப்பெட்டி. அதற்குள் ஒரு சாண் நீளத்தில் க்ரீம் கலர் பத்மினி கார்!

இந்தப் பக்கத்தை வழக்கமாகப் படிக்கிறவர்களுக்கு என் பைத்தியம் தெரியும். மகர்பட்டா ஐ.டி. ஆபீஸில் பகலெல்லாம் கம்ப்யூட்டர். வீட்டுக்கு வந்தால் பழைய கார்களின் குட்டி மாடல்கள். வாங்கி அடுக்குவதோடு நிற்க மாட்டேன். பெயின்ட்டை உரித்து, ஸ்க்ரூவைக் கழற்றி, அதை வேறொரு காராகவே மாற்றிவிடுவேன். அடுத்தவர் மாடலில் வீல் கப் தப்பாக இருந்தால் நிற்க வைத்து லெக்சர் கொடுக்கிற ஆசாமி நான்.

இந்த பத்மினியைக் கேட்டவர் என் ஆபீஸ் நண்பன் ரவியின் அம்மா, கனகா. அப்பா முருகேசன் வெடிமருந்துத் தொழிற்சாலையில் இருந்து ரிட்டயர் ஆனவர். அவருக்குப் பார்வை மங்கிவிட்டது என்று அவர் ஓட்டிக்கொண்டிருந்த பத்மினியை ரவி விற்றுவிட்டான். வேறு வழியும் இல்லை.

“கார் போனதுலேர்ந்து வாசப்படி தாண்ட மாட்டேங்கிறாரு தம்பி” என்றார் கனகா அம்மா, போனில். “ஆட்டோ ரிக்‌ஷான்னாலே மூஞ்சியத் திருப்பிக்கிறாரு. கண் ஆஸ்பத்திரிக்குக்கூட வரல. இருக்கிற பார்வையும் போயிடுமோன்னு பயமா இருக்கு. அந்தக் காரையே குட்டியா செஞ்சு குடுங்களேன்... மனசு மாறுதான்னு பாக்கலாம்.”

பொம்மையைக் கொடுத்துச் சமாதானப்படுத்த அவர் என்ன குழந்தையா? எனக்குச் சந்தேகம்தான். ஆனாலும் அந்தக் குரலுக்கு முடியாது என்று சொல்ல மனம் வரவில்லை.

பத்மினிக்கு முன்னோடியான இத்தாலிய காரின் மாடல் ஒன்று கிடைத்தது. ரவி கொடுத்த போட்டோக்களைப் பார்த்துப் பார்த்துச் செய்தேன். மட்கார்டில் ஒடுக்கு, டேஷ்போர்டில் பிள்ளையார், பின்சீட்டில் பச்சைக் கரை போட்ட துண்டு... எதையும் விடவில்லை.

முருகேசன் மாடலை மடியில் வைத்துக்கொண்டார். பானெட்டிலிருந்து மட்கார்டு வரை விரலால் தடவினார். ஒடுக்கு வந்ததும் விரல் நின்றது. “அரே... இதையுமா?” என்றார். நான் கனகா அம்மாவைப் பெருமையாகப் பார்த்தேன்.

பிறகு வலது பக்கக் கதவைத் திறந்து விரலை உள்ளே விட்டார். துழாவினார். மறுபடியும் துழாவினார்.

“தம்பி, ஸ்டியரிங் எங்க?”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இத்தாலியில் ஸ்டியரிங் இடது பக்கம்! துண்டின் கரை வரை பார்த்தவன், அதை வலது பக்கம் மாற்ற மறந்திருக்கிறேன். அந்த மனிதர் இழந்ததே அந்த ஒன்றைத்தான். அவமானமாக இருந்தது.

கனகா அம்மா குனிந்து பார்த்தார். “ஐயோ, என் சீட்டுக்கு வந்திருக்கு!”

முருகேசனின் தோள்கள் குலுங்கின. அழுகிறார் என்றே நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தார்.

“குடுங்க சார், மாத்திக் கொண்டுவரேன்” என்று கையை நீட்டினேன்.

அவர் காரை இழுத்து அணைத்துக்கொண்டார். “வேணாம். ஏக்தம் கரெக்டா இருக்கு. நான் சும்மா ஸ்டியரிங்கப் பிடிச்சிட்டிருந்தேன். மெதுவா போங்க, ஹாரன் அடிங்க, லாரி வருது பாருங்கன்னு... வண்டிய ஓட்டினது இவதான்.”

“ஆமா, நான் சொல்லலேன்னா வீடு வந்து சேந்திருப்பீங்களா?” என்றார் கனகா அம்மா.

ஒரு காரை எத்தனை நுணுக்கமாகச் செய்தாலும், அதற்குள் நடந்த பேச்சு எந்த போட்டோவிலும் இருப்பதில்லை. அது தெரியாமல் என்ன பெரிய நிபுணன் நான்?

முருகேசன் கதவை மெதுவாகச் சாத்தினார். “கனகா, நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு ரிக்‌ஷா சொல்லு. நீ பக்கத்துல உக்காந்து அந்த டிரைவருக்கும் வழி சொல்லிட்டே வா.”

அந்த மாடலில் ஸ்டியரிங் இன்னும் இடது பக்கம்தான். தப்பு என்று சொல்கிற நிபுணர்கள் கனகா அம்மாவிடம் பேசிக்கொள்ளவும்!